சாவியை எடுத்த பிறகும் ஓடுற வண்டி

ஜனவரி 1, புதன்

டயர் கடைக்காரர் வருசா வருசம் ஒரு டைரி குடுப்பார். நானும் வருசா வருசம் ரெண்டு பக்கம் எழுதிப்போட்டு அடுப்படி அலமாரில சொருகிருவேன். இந்த வருசம் அப்படி இல்ல. எழுத விசயம் இருக்குது.

கோபிகா கார் ஓட்டறேன்னு சொல்லிட்டா! நான் பக்கத்துல உக்காந்துக்கலாமாம்!

காலைல இட்லி சாப்பிட்டுட்டே பேப்பர் பாத்தவ, பழைய கார் பேரணின்னு போட்டிருந்த பக்கத்தை என் பக்கம் தள்ளி, "அம்மா, நம்ம ஹெரால்டைக் கொண்டு போலாமா? நானே ஓட்டறேன். நீ வேணும்னா பக்கத்துல உக்காந்துக்க"ன்னா. எனக்கு இட்லி தொண்டைல அடைச்சுக்கிச்சு. இருபத்தாறாம் தேதி. ரேஸ்கோர்ஸ்ல இருந்து மருதமலை அடிவாரம் போயிட்டுத் திரும்பணும். பிப்ரவரி மூணாம் தேதி அவ புனேவுக்கு வேலைக்குப் போறா. இதை விட்டா வேற நாள் கிடையாது.

வெளியாள் ஆராவது இதைப் படிச்சா இதுல என்ன அதிசயம்னு கேப்பாங்க. நான் பூங்கோதை. வடவள்ளில இருபத்திரெண்டு வருசமா பொம்பளைங்களுக்கு டிரைவிங் ஸ்கூல் நடத்தறேன். என்கிட்ட ஓட்டப் பழகுனவங்க மூவாயிரம் பேருக்கு மேல இருக்கும். நான் பெத்த புள்ள மட்டும் அஞ்சு வருசமா என் முன்னாடி ஸ்டியரிங்கைத் தொட்டதில்ல. லைசென்ஸ் வெச்சிருக்கா. எங்க எடுத்தாங்கறது இப்ப எதுக்கு.

ஹெரால்டு அறுபத்தேழாம் வருசத்து வண்டி, சந்தன நிறம். நாகலட்சுமி டாக்டரம்மா அறுபத்தொரு வயசுல என்கிட்ட ஓட்டப் பழகுனவங்க. மகன்கூட கனடாவுக்குப் போறப்ப, "சும்மா நிறுத்தி வெச்சுராத பூங்கோதை, ஓட்டிட்டே இரு"ன்னு சாவியை என் கைல குடுத்துட்டுப் போயிட்டாங்க. அதுல பேனட்டைத் தூக்குனா மட்கார்டு, லைட்டு எல்லாம் சேர்ந்து மூஞ்சி மொத்தமும் முன்னால சாயும். முன் டயர் மேல உக்காந்துட்டே எஞ்சின் வேலை பாக்கலாம்.

எங்க ஊட்டுக்காரர் விசயத்தைக் கேட்டுட்டு, "பக்கத்துல நீயா? அந்த வண்டில உன்ற பக்கம் பிரேக் கிடையாது, தெரியுமல்ல?"ன்னு சிரிக்கறார். மில்லுல டைம் ஆபீஸ் வேலைல இருந்து ரிட்டையர் ஆன நாள்ல இருந்து இந்தாளுக்கு நக்கல் ஜாஸ்தி.

ஜனவரி 2, வியாழன்

ஓட்டுனா! ஓட்டிட்டா! வடவள்ளி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், திரும்பி, ஒரு இடத்துலகூட ஆஃப் ஆகாம கொண்டு வந்து போர்டிகோல நிறுத்திட்டா. எனக்கு ரோட்டுல போறவங்களை எல்லாம் கூப்பிட்டு "என்ற புள்ள"ன்னு சொல்லணும்போல இருந்துச்சு.

கிளம்பறதுக்கு முன்னாடி, வழக்கம்போல, கார்பரேட்டர்ல ஐட்லிங் ஸ்க்ரூவை ஒரு முக்கால் சுத்து ஏத்தி வெச்சேன். ஆக்சிலேட்டர்ல கால் வெக்காதப்பவும் எஞ்சின் தானா ஒரு வேகத்துல ஓடுமே, அந்த வேகத்தைக் கூட்டறது. அதைக் கூட்டி வெச்சா, பழகறவங்க கிளட்சை டபக்குன்னு விட்டாலும் வண்டி ஆஃப் ஆகாது. அவங்களுக்கு அழுகையும் வராது. எங்க தொழில்ல இது கை தானா பண்ற வேலை.

ஒரே ஒரு கூத்து. அவ சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணுனா, எஞ்சின் நிக்கல! டுக்கு டுக்குன்னு உதறுது, இருமுது, மறுபடி டுக்கு டுக்கு. கோபிகா சாவியை உருவிக் கைல எடுத்துக் காட்டறா, "அம்மா, இங்க பாரு, சாவி என்கிட்ட இருக்குது"ன்னு. அப்பவும் ஓடுது. நான் எண்ணுனேன். பதினாலு எண்ணறதுக்குள்ள, கடைசியா ஒரு குலுக்கு குலுக்கிட்டு நின்னுச்சு. எங்க ஊட்டுக்காரர் கைல காப்பி டம்ளரோட வந்து, "இதுவும் உன்னை மாதிரிதான். பேச்சு முடிஞ்சாலும் நிறுத்தாது"ன்னுட்டுப் போறார்.

ஜனவரி 3, வெள்ளி

பேரணி விண்ணப்பத்துல ஆறாவது விதி: சாவியை அணைச்சு மூணு எண்ணறதுக்குள்ள எஞ்சின் நிக்கணும். இல்லைன்னா தீப்பிடிக்கற ஆபத்துன்னு வண்டியைத் திருப்பி அனுப்பிருவாங்க. அட கெரகமே!

சாவி சுவிட்சுலதான் கோளாறுன்னு ஊட்டுக்காரர் அடிச்சுச் சொன்னார். சரீன்னு, கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடு பண்ணிட்டு வந்து, சாவியை அணைச்ச நிமிசம் பிளக்குக்குக் கரன்ட் குடுக்கற காயில்ல இருந்து வர்ற வயரையே பிடுங்குனோம். கரன்ட்டே இல்ல. அப்பவும் பதிமூணு எண்ணிக்கை ஓடுச்சு. "பேய்தான்"னார். பேயும் இல்ல, சுவிட்சும் இல்ல, நாளைக்கு கனி பாய்கிட்டக் கொண்டு போறேன்.

ஜனவரி 4, சனி

கனி பாய் உக்கடத்துல பழைய கார்களுக்குன்னே பட்டறை வெச்சிருக்கார். என்ற வயசுதான். இருபது வருசமா என் ஸ்கூல் வண்டி எல்லாம் அவர் கைலதான் பொழைக்குது. என்னை டீச்சரம்மாம்பார், மரியாதையாத்தான் திட்டுவார்.

அவர்கிட்டப் போறதுக்கு முன்னாடி ஸ்க்ரூவைப் பழையபடி இறக்கி வெச்சுட்டேன். ஐட்லிங் ஏத்துனா மனுசனுக்குப் பிடிக்காது. "பெட்ரோலைக் குடிக்குது, கிளட்சைத் தின்னுது"ன்னு ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணுவார். விருந்தாளி வர்றப்ப வீடு கூட்டறதில்லையா, அது மாதிரி.

அவர் சொன்னது எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. எஞ்சினுக்குள்ள வருசக்கணக்குல கரி படிஞ்சிருக்குமாம். ஓடறப்ப அது அடுப்புக் கங்கு மாதிரி சிவந்து நிக்குமாம். சாவியை அணைச்சு, பிளக்குல பொறி நின்னாலும், அந்தக் கங்கே பெட்ரோலைப் பத்த வெச்சுருமாம். அதனால கரன்ட்டே இல்லாம வண்டி ஓடுமாம். எத்தனை வருசமா வண்டிக்குள்ளயே பொழப்பு நடத்தறேன், இது எனக்குத் தெரியாது பாருங்க!

பிளக் நாலும் மாத்துனார். பட்டறைல அணைச்சா ஒரு எண்ணிக்கைல நின்னுச்சு. பாய் மீசையைத் தடவிக்கிட்டார். நான் பாட்டுப் பாடிக்கிட்டே வீட்டுக்கு வந்தேன்.

சாயந்திரம் கோபிகா ஓட்டுனா. அணைச்சா. பன்னெண்டு.

ஜனவரி 5, ஞாயிறு

பதிமூணு.

ஜனவரி 8, புதன்

எஞ்சினோட மேல் மூடி, அந்த ஹெட்டைக் கழட்டியாச்சு! நானும் கோபிகாவும் பட்டறைக்கே போயிட்டோம். நாலு ஓட்டைக்குள்ளயும் கருகருன்னு கரி, தோசைக்கல்லு அடில ஒட்டியிருக்குமே, அதேதான். பாய் சுரண்டிச் சுரண்டி ஒரு பழைய பேப்பர் மேல குமிச்சார். கோபிகா டயர் மேல உக்காந்துக்கிட்டு அவளும் ஒரு சுரண்டி வாங்கிச் சுரண்டுனா. மூக்கு நுனியெல்லாம் கரி. நான் சொல்லல, நல்லா இருந்துச்சு பாக்க.

"டீச்சரம்மா, இத்தோட உங்க பேய் ஓடிருச்சு"ன்னார் பாய்.

அவ சின்னதுல ஸ்கூல் விட்டதும் நேரா என் வண்டிப் பின் சீட்டுக்குத்தான் வருவா. ஆராவது கியரை நறநறன்னு போட்டா, பின்னால இருந்து "கிளட்ச் பத்தலீங்க ஆன்ட்டி"ன்னு சொல்லுவா. ஏழு வயசு அப்ப. அதை இன்னைக்கு பாய்கிட்டச் சொன்னேன். அவ சிரிக்கல, ஆனா சுரண்டறதைக் கொஞ்சம் நிறுத்திட்டுக் கேட்டா.

ஜனவரி 10, வெள்ளி

ஹெட் மாட்டியாச்சு. பட்டறைல சாவியைத் திருப்புனா, பட்டுன்னு நின்னுச்சு! எண்ணவே வேலை இல்ல. பாய்க்கு நான் ஜிலேபி வாங்கிக் குடுத்தேன்.

நாளைக்குக் கோபிகா உக்கடம் மேம்பாலத்துல ஓட்டறா. ஏத்தம் இறக்கம் இருக்குது. காலைல ஸ்க்ரூவை ஒரு சுத்து ஏத்தி வெச்சுட்டா, அவளுக்குச் சிரமம் இருக்காது.

ஜனவரி 11, சனி

மேம்பாலத்துல ஓட்டிட்டா! பஸ்ஸுக்குப் பின்னாடி ஏத்தத்துல நிறுத்தி எடுத்தா, ஒரு சொட்டுப் பின்னால உருளல. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

வீட்டுக்கு வந்து அணைச்சா, எட்டு.

பதினாலு எட்டாச்சே, குறைஞ்சிருக்குதல்லன்னு ஊட்டுக்காரர் ஆறுதல் சொல்றார். விதி மூணுன்னு சொல்லுது. எனக்கு ஒண்ணுமே புரியல. பட்டறைல நல்ல புள்ளையா நிக்குது, வீட்டுக்கு வந்தா ஆடுது. ஆரு கண்ணோ. எலுமிச்சம்பழம், பச்சமிளகா கோத்து பம்பர்ல கட்டி உட்டேன். கோபிகா பாத்துட்டு, "மூவாயிரம் பேருக்கு எஞ்சின் பாடம் எடுத்த டீச்சர் பண்ற வேலையா இது?"ன்னா. சிரிச்சுட்டுத்தான் சொன்னா. என்னை டீச்சர்னு அவ கிண்டல் பண்ணி எத்தனை வருசம் ஆச்சு.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்குச்சு. ஹெரால்டுக்கும் மஞ்சக் கொத்து கட்டுனோம். உசந்த ரகப் பெட்ரோலை ஊத்திப் பாத்தோம். ஏழு.

ஜனவரி 16, வியாழன்

இன்னைக்கு வண்டிக்குள்ள சண்டை.

லாலி ரோடு சிக்னல்ல ஒரு ஸ்கூட்டர்காரன் குறுக்க உட்டுட்டான். கோபிகா பிரேக் போட்டா, சரியாத்தான் போட்டா. நானும் போட்டேன். என் பக்கம் ஒண்ணுமே இல்ல, வெறும் தரை. ஆனா கால் டொக்குன்னு அமுக்கிருச்சு. அவ பாத்துட்டா.

"அம்மா, கால்."

"பழக்கம் கண்ணு. நான் பஸ்ல போனாலே அமுக்கறவ. தூங்கறப்பகூட அமுக்கறேன்னு உங்கப்பா சொல்றார்."

"நீ எந்த வண்டில தூங்கியிருக்க? ஆரு ஓட்டுனாலும் ரோட்டையே முறைச்சுப் பாத்துட்டு வருவ. பாட்டி சாவுக்கு ராத்திரி முழுக்க மதுரைக்குப் போனோமே, அன்னைக்குக்கூடக் கண்ணை மூடல."

அது நெசம்தான். பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு நான் கண்ணை மூடுனதே இல்ல. மூடுனா ஆரு பாக்கறது?

அவ ரோட்டை மட்டும் பாத்து வீடு வரைக்கும் ஓட்டுனா. அணைச்சா. ஒம்பது. ஒம்பது எண்ணிக்கையும் ரெண்டு பேரும் அந்த உதறலுக்குள்ளயே உக்காந்திருந்தோம்.

ஜனவரி 17, வெள்ளி

ஸ்க்ரூவை இறக்கிப்போட்டு பாய்கிட்டக் கொண்டு போனேன். ரேடியேட்டரைக் கழுவிப் பாத்தார், டைமிங் பாத்தார், பத்து தடவை அணைச்சு அணைச்சுப் பாத்தார். பத்து தடவையும் பட்டுன்னு நின்னுச்சு. மனுசனுக்குக் கோவம் வந்துருச்சு.

"டீச்சரம்மா, என் கடைல நிக்குது, உங்க வீட்டுல நிக்க மாட்டேங்குது. அப்ப கோளாறு வண்டில இல்ல. வீட்டுலதான் இருக்குது."

"என்ற வீட்டுல என்ன கோளாறு பாய்? நல்லாப் பேசறீங்க!"ன்னு நானும் எகிறிட்டு வந்துட்டேன்.

ஒம்பது நாள் இருக்குது.

ஜனவரி 19, ஞாயிறு

அவ லைசென்ஸ் எங்க எடுத்தாங்கறதை எழுதிப்போடறேன். எழுதலைன்னா இந்த டைரி எதுக்கு.

திருப்பூர்ல. வேற ஸ்கூல்ல. என்ற மக.

அதுக்கு முன்னாடி என்கிட்டத்தான் பழகுனா. அருமையா ஓட்டுவா. டெஸ்ட் அன்னைக்கு நான் பக்கத்துல, பின்னால ஆய்வாளர். எட்டுப் போட்டுட்டு ரோட்டுக்கு வந்தா. ஒரு லாரி சித்த பக்கமா வந்துச்சு. அவ ஒதுங்கத்தான் ஒதுங்குனா. அதுக்குள்ள என் கால் ஸ்கூல் வண்டில என் பக்கம் இருக்கற பிரேக்கை அமுக்கிருச்சு. வண்டி ரோட்டு நடுவுல குலுங்கி நின்னுச்சு. ஆய்வாளர் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, "ரெண்டு பேர் ஓட்டற வண்டிக்கு ஒருத்தருக்கு லைசென்ஸ் தர முடியாதுங்க"ன்னார்.

அவ அழல. கோவிச்சுக்கல. சாவியை என் மடில வெச்சுட்டு எறங்கி பஸ் ஏறிப் போயிட்டா. ஆறு மாசம் கழிச்சு லைசென்ஸ் அட்டையை டீவி மேல வெச்சிருந்தா. நான் பாத்தேன். "எங்க எடுத்த?"ன்னேன். சொன்னா. "சரி, சாப்பிட வா"ன்னேன். அதைப் பத்தி அவ்வளவுதான் நாங்க பேசுனது, இன்னைக்கு வரைக்கும்.

அமுக்குனது தப்புன்னு அன்னைக்கே தெரியும் எனக்கு. வாய்தான் வரல.

ஜனவரி 21, செவ்வாய்

கனி பாய் கெட்டிக்காரர். இன்னைக்கு நானும் கோபிகாவும் பட்டறைக்குப் போனப்ப வண்டிக்கு வேலை எதுவும் பண்ணல. கோபிகாகிட்ட "பாப்பா, நகப்பாலிஷ் இருக்குதா?"ன்னு கேட்டு வாங்கி, கார்பரேட்டர்ல இருக்கற ஒவ்வொரு ஸ்க்ரூ தலைலயும் பாடிலயும் சேர்த்து சிவப்பா ஒரு கோடு இழுத்து உட்டார்.

"ஓடற அதிர்வுல எதாவது ஸ்க்ரூ தானா லூசாகுதான்னு பாக்கறேன். கோடு ரெண்டாப் பிரிஞ்சா, திரும்பியிருக்குதுன்னு அர்த்தம்."

நல்ல ஐடியாதான். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணியிருக்கலாம்.

ஜனவரி 22, புதன்

காலைல அவ எந்திரிக்கறதுக்கு முன்னாடி போர்டிகோவுக்குப் போனேன். சும்மா வண்டியைத் தொடைக்கத்தான்.

சாயந்திரம் மருதமலை அடிவாரம் வரைக்கும் ஒத்திகை. பிரமாதமா ஓட்டுனா! திரும்பி வந்து அணைச்சா, பத்து. அவ எறங்கி பேனட்டைச் சாய்ச்சா. டயர் மேல உக்காந்து குனிஞ்சு பாத்தா.

"அம்மா, இந்த ஒரு கோடு மட்டும் பிரிஞ்சிருக்குது."

"அதிர்வுல திரும்பியிருக்கும்."

"முக்கால் சுத்தா?"

"நான் தொடலை"ன்னேன். நல்லாச் சத்தமாவே சொன்னேன். ஊட்டுக்காரர் வாசப்படில நின்னு என் கையையே பாத்துட்டு இருந்தார். கட்டை விரல் நகத்தோரமா சிவப்பா ஒட்டியிருந்துச்சு. நான் நகப்பாலிஷ் போடற பழக்கம் உள்ளவ இல்ல.

ஜனவரி 23, வியாழன்

அவ ஹெரால்டைத் தொடல. ரெண்டு வகுப்பு எடுத்தேன். ரெண்டுலயும் தேவையில்லாம கத்துனேன்.

ஜனவரி 24, வெள்ளி

பாய்கிட்ட நேராப் போய் ஒப்புக்கிட்டேன். "நான்தான் ஏத்தறேன் பாய். இங்க வர்றப்ப இறக்கிட்டு வர்றேன்."

அவர் என்னைப் பாத்தார். ஸ்பானரைக் கீழ வெச்சார். பிரசங்கத்துக்குத் தயாராகி நின்னேன். ஆனா அவர் சிரிக்கத்தான் செஞ்சார், இருமற அளவுக்கு.

"மூணு வாரம்! என் உசுரை வாங்கிட்டீங்க! ஹெட்டைக் கழட்டுனேன், ரேடியேட்டரைக் கழுவுனேன்! டீச்சரம்மா, கங்கு எஞ்சினுக்குள்ள எப்பவும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். நாம சாவியை அணைக்கறப்ப உள்ள பெட்ரோல் போகாம இருந்தா அது என்ன பண்ணும்? ஐட்லிங் தூக்கி வெச்சா பெட்ரோல் போற கதவு ஒருக்களிச்சே இருக்குது. கதவைத் தெறந்து வெச்சுட்டு, வந்தவங்க ஏன் போகலைன்னா எப்படி?"

அப்புறம் கேட்டார். "எதுக்கு ஏத்துனீங்க? அந்தப் பாப்பாதான் நல்லா ஓட்டுதே."

நல்லா ஓட்டறான்னு எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்தேன். கோபிகா துணி மடிச்சு பெட்டில அடுக்கிட்டு இருந்தா, புனேவுக்கு. வாசல்ல நின்னுட்டே சொன்னேன், உள்ள போனா பேச வராதுன்னு. "கண்ணு, அந்த ஸ்க்ரூவை நான்தான் திருப்புனேன். தினமும். நீ ஓட்டறதுக்கு முன்னாடி."

"தெரியும்."

"ஆஃப் ஆயிருமோன்னு..."

"ஆனா என்னம்மா? ஆஃப் ஆனா மறுபடி ஸ்டார்ட் பண்ணுவேன். அதைக்கூட நான் பண்ண மாட்டேனா?"

"அன்னைக்கு டெஸ்ட்டுல பிரேக் போட்டதும் தப்புதான். அந்த லாரிக்கு நீ சரியாத்தான் ஒதுங்குன."

இது வெளிய வந்துருச்சு. அஞ்சு வருசம். அவ மடிச்ச துணியை மறுபடி பிரிச்சா, மறுபடி மடிச்சா. கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு. எனக்கும்தான்.

"அதை அன்னைக்கே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சொல்லியிருந்தா, நான் திருப்பூர் வரைக்கும் போயிருக்க மாட்டேன்"ன்னா. பொறகு மூக்கைத் தொடைச்சுட்டு, "ஸ்க்ரூ டிரைவர் எங்க? நீயே இறக்கு. நான் பாக்கணும்"ன்னா.

நானே இறக்குனேன். முக்கால் சுத்து. அப்புறம் இன்னொரு கால் சுத்து. எஞ்சின் சத்தம் இறங்கி இறங்கி, பொட் பொட்டுன்னு தனித்தனியாக் கேக்க ஆரம்பிச்சுச்சு. என் கை இன்னும் கொஞ்சம் ஏத்தலாமே, கொஞ்சூண்டுன்னு துடிச்சுச்சு. ஸ்க்ரூ டிரைவரை அவகிட்டக் குடுத்துட்டேன்.

ஓட்டுனா. பதினோரு தடவை ஆஃப் ஆச்சு. பதினோரு தடவையும் அவளே ஸ்டார்ட் பண்ணுனா. நான் வாயே தெறக்கல. (பொய். நாலாவது தடவை "ஹாஃப் கிளட்ச்!"ன்னு கத்திட்டேன்.)

வந்து அணைச்சா.

பூஜ்யம்! பூஜ்யம்! பூஜ்யம்! ஊட்டுக்காரர் கை தட்டுனார். நான் அந்த எலுமிச்சம்பழத்தை அவுத்து எறிஞ்சேன்.

ஜனவரி 26, ஞாயிறு

எங்க ஆரம்பிக்கறது!

ரேஸ்கோர்ஸ் முழுக்கக் கார். மூஞ்சி நீண்டது, வயிறு பெருத்தது, கூரை இல்லாதது. ஜனம் பூராவும் செல்போனைத் தூக்கிட்டு நிக்குது. எங்க நம்பர் முப்பத்தொண்ணு. ஊட்டுக்காரர் வேட்டி சட்டையோட பின் சீட்டுல, மாப்பிள்ளை மாதிரி.

சோதனை பண்ற இடத்துல தாடி வெச்ச ஒருத்தர், "அணைங்க மேடம்"ன்னார். என்னைப் பாத்துச் சொன்னார். "டிரைவர் நான் இல்லீங்க, அவங்க"ன்னேன். கோபிகா சாவியைத் திருப்புனா. பட். அவர் எண்ண வாயைத் தெறந்தார், எண்ணறதுக்கு ஒண்ணும் இல்ல. பச்சை ஸ்டிக்கரை ஒட்டிட்டுப் போயிட்டார்.

கிளம்பற இடத்துல பலகைல ஒரு மேடை போட்டிருந்தாங்க. ஏறி, உச்சில நின்னு, கொடி அசைச்சதும் இறங்கணும். ஏத்தம் நல்லாவே செங்குத்து. முன்னால இருந்த வண்டி உச்சில நின்னுட்டு இருந்ததால நாங்க பாதி ஏத்தத்துல நிக்க வேண்டியதாப் போச்சு. பின்னால ஒரு நீலக் கலர் கார், பளபளன்னு, ஒரு முழம்கூட இடைவெளி இல்ல.

என் கால் என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும். அதனால ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். பட்டுச்சேலை, அத்தனை ஜனம், பாக்கறவங்க பாக்கட்டும்.

முன் வண்டி போச்சு. கோபிகா கிளட்சை உட்டா. ஆஃப் ஆச்சு.

ஜனம் ஓன்னு கத்துச்சு. பின்னால ஹாரன். வண்டி ஒரு விரக்கடை பின்னால உருண்டுச்சு. ஊட்டுக்காரர் "முருகா"ன்னார். ஹேண்ட் பிரேக் எனக்கும் அவளுக்கும் நடுவுலதான் இருக்குது, என் கைக்கு எட்டற தூரம். நான் ரெண்டு கையையும் தொடைக்கு அடில வெச்சு அது மேல உக்காந்துக்கிட்டேன்.

அவ ஹேண்ட் பிரேக்கை இழுத்தா. வண்டி நின்னுச்சு. சாவியைத் திருப்புனா, எஞ்சின் பிடிச்சுச்சு. என்னை ஒரு தடவை பாத்தா. நான் சம்மணம் போட்டிருக்கறதைப் பாத்து அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே கிளட்சை மெல்ல, மெல்ல உட்டா. வண்டி மூக்கைத் தூக்குச்சு. ஹேண்ட் பிரேக்கை இறக்குனா. ஏறிட்டோம். கொடி அசைஞ்சுச்சு. இறங்கிட்டோம்.

நான் அழுதேன்னு ஊட்டுக்காரர் சொல்றார். தூசி.

மருதமலை அடிவாரம் போய், கரும்பு ஜூஸ் குடிச்சு, ரேஸ்கோர்ஸ் திரும்பி, ஒரு சான்றிதழும் வாங்குனோம். பரிசெல்லாம் கிடையாது, அந்த நீலக் கார் வாங்கிட்டுப் போச்சு. கோபிகா "வீட்டுக்கும் நானே ஓட்டறேன்"ன்னா.

இதுக்கு அப்புறம் நடந்தது எனக்குச் சரியா நாபகம் இல்ல. தடாகம் ரோடு வரைக்கும் நாபகம் இருக்குது. காத்து நல்லா வந்துச்சு. அவ கியர் மாத்துனது கேட்டுச்சு, நறநறப்பு இல்லாம. அவங்கப்பாகிட்ட என்னமோ சொல்லிச் சிரிச்சா.

அடுத்தது, எதோ ஒண்ணு என்னை எழுப்புச்சு. தூக்கிவாரிப் போட்டுக் கண்ணைத் தெறந்தா, எங்க வீட்டு போர்டிகோ. சாவி அவ கைல. வண்டிக்குள்ள ஒரு சத்தம் இல்ல, அந்த அமைதிதான் என்னை எழுப்பியிருக்குது.

"அரை மணி நேரம் கொறட்டை உட்ட அம்மணி"ன்னார் ஊட்டுக்காரர் பின்னால இருந்து.

"நானா?"

"நீதாம்மா"ன்னா கோபிகா. "லாலி ரோடு சிக்னல்ல ரெண்டு தடவை ஆஃப் ஆச்சு. நீ எந்திரிக்கவே இல்ல."